மேற்படி இருவரும் ஒருவரே

புதுக்கடை நீதிமன்ற மதிலோரம்
குடைக்குக் கீழே ஒரு தட்டச்சு இயந்திரம்.
ரம்யலதா கேட்கிறாள்:
கடைசி எழுத்து எஸ்ஸா, இசட்டா?

அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டில் எஸ்.
சுங்கத்துச் சேவைப் புத்தகத்தில் இசட்.
மரணச் சான்றிதழில் லோப்பஸ்,
அடையாள அட்டையில் சிங்களத்தில்
ஒரு ‘ப்’ குறைந்து, கொஞ்சம் மெலிந்து.
செத்தவர் ஒருவர்.
ஓய்வூதியக் கந்தோரில் நான்கு பேர்.
அம்மாவுக்குக் காசு வரவேண்டுமென்றால்
நால்வரையும் ஒரே பெட்டியில் அடக்க வேண்டும்.
சத்தியக்கடதாசி ஆயிரத்து இருநூறு ரூபாய்,
முத்திரை தனி.

எஸ் என்றால் போர்த்துக்கேயர்,
இசட் என்றால் ஸ்பானியர்.
வரிசையில் நின்றபடி கைப்பேசியில் படித்தேன்.
லோபே என்பவனின் மகன் லோப்பஸ்.
லோபே வந்தது லத்தீன் ஓநாயிலிருந்து.

ஓநாய் மகன்!
நாய் குரைத்தால்
எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுகிற மனிதர்.
இந்தத் தீவில் ஓநாயே கிடையாது,
நரிதான்.
கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில்
எனக்கு வைத்த பட்டம் உலோபி.
அது அவருக்கு இன்னும் பொருந்தாது.
கடன் கேட்டவனுக்கு பஸ் காசையும் கொடுத்துவிட்டு
கோட்டையிலிருந்து நடந்து வருவார்,
சப்பாத்தைக் கழற்றும்போது மட்டும் முனகுவார்.

எப்படி வந்திருக்கும் இந்தப் பெயர்?
தூத்துக்குடிக் கரையில் ஒரு காலை.
முத்துக் குளித்தவர்கள் வரிசையாக மண்டியிட்டிருக்க,
ஞானத்தகப்பன்மார் போதாமல்
கப்பலிலிருந்து யாரையோ இறக்கியிருப்பார்கள்.
கூலிக்கு ஏறிய ஸ்பானியன், முதல்நாள் போதை தெளியாதவன்.
முன்னால் நின்றவனின் தோளில் கைவைத்து
தன் பெயரைச் சொல்லியிருப்பான்.
வேறெதுவும் கொடுத்ததாக ஆதாரமில்லை.
என் ஆள் ஈரத்தலையோடு வீட்டுக்குப் போய்
மனைவியிடம் அதைச் சொல்லிப் பார்த்திருப்பான்,
அவள் சிரித்திருப்பாள்.
எல்லாம் என் ஊகம்.
சத்தியக்கடதாசியில் ஊகம் எழுதக் கூடாது.

எழுதக்கூடியது ஒன்று இருக்கிறது,
அதையும் கேட்கமாட்டார்கள்.
எண்பத்துமூன்று ஜூலை, ஆமர் வீதிச் சந்தி.
பஸ்ஸை மறித்து ஏறியவன்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அந்தப் பெயரை எந்தப் பக்கம் தள்ளுவதென்று
அவனுக்குத் தெரியவில்லை.
வீதியோரத்து வாளியைக் கம்பியால் காட்டி
இது என்ன, சொல் என்றான்.

பால்திய.
தமிழ் நாக்கு அதை ‘வ’ போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.
அப்பா பதினோரு வருடம்
சுங்கத்தில் சிங்களத்தில் மூட்டை எண்ணியவர்.
பிசகாமல் சொன்னார்.

அந்தச் சொல்லும் சிங்களத்தில் பிறந்ததல்ல,
போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கியது.
அதே கடல், அதே சரக்கு.
கேட்டவனுக்கும் தெரியாது,
சொன்னவருக்கும் தெரியாது.

பக்கத்து இருக்கையில்
கந்தவனம் என்றொருவர் இருந்தாராம்.
பெயரைச் சொன்னதே போதுமாயிருந்தது,
வாளி வரைக்கும் போகவில்லை.

இந்த இடத்தில் அப்பா எழுந்து
குழாயை மூடியாயிற்றா என்று பார்க்கப் போய்விடுவார்.
எத்தனை தரம் கேட்டாலும் குழாய்தான்.

சமாதான நீதவான் ஜௌஸி
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்:
இதில் எது சரியான பெயர், மகள்?
அவர் எதற்கும் திரும்பிப் பார்ப்பார் என்கிறேன்.
அதை எழுத முடியாது என்கிறார்.

ரம்யலதா அடிக்கிறாள்.
இசட் சாவி இறுகிக் கிடக்கிறது,
ஆருக்கு வேண்டும் இந்த ஊரில் அந்த எழுத்து.
இரண்டாம் முறை ஓங்கிக் குத்துகிறாள்,
காகிதத்தில் சின்ன ஓட்டை.
மேற்படி இருவரும் ஒருவரே,
மேலும் கீழ்க்காணும் இருவரும் அவரே
எனச் சத்தியம் செய்கிறேன்.
கையெழுத்தைத் தமிழில் போட்டேன்,
அதில் எஸ்ஸும் இல்லை, இசட்டும் இல்லை.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கையில்
சைவக்கடை வாசலில் படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கிக் குரைத்தது.
கடதாசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
வீதியைக் கடந்தேன்.